பிறப்பேடு இல்லாத நாட்டில் பிறப்புக் கணக்கு

பெண் ஒருத்தி சராசரியாக எத்தனை மக்களைப் பெறுகிறாள் என்பதை அறியாமல், பள்ளியும் மருத்துவமனையும் எத்தனை வேண்டுமென ஒரு நாடு திட்டமிட இயலாது. கிழக்கு ஆப்பிரிக்காவிலுள்ள கென்யாவில் 20ஆம் நூற்றாண்டின் இடைப்பகுதியில் பெரும்பாலான பிறப்புகள் ஏட்டில் ஏறவில்லை. எனவே, தாய்மாரின் நினைவையே ஏடாகக் கொள்ள வேண்டியதாயிற்று.

கேட்ட வினாக்கள் இரண்டு: இதுவரை பெற்ற பிள்ளைகள் எத்தனை? கடந்த ஓராண்டில் பெற்றதுண்டா? முதல் வினாவுக்கு விடை கூறும் முதிய தாய்மார், இறந்த பிள்ளைகளைச் சொல்லாது விடுவதுண்டு. இரண்டாவதில் ஓராண்டின் எல்லை பிறழ்வதுண்டு. 1948 முதல் நைரோபியில் பணியாற்றிய புள்ளியியல் அறிஞர் வில்லியம் பிராஸ் இதற்கு வழி கண்டார். இளந்தாய்மாரின் மொத்தக் கணக்கில் மறதி குறைவு. அதனையே உரைகல்லாகக் கொண்டு ஓராண்டுக் கணக்கைத் திருத்தினார்.

பின்னர், ஒவ்வொரு பிள்ளையும் பிறந்த காலத்தைக் கேட்டெழுதும் ஆய்வுகள் வந்தன. 1977–78இல் ஒரு பெண்ணுக்கு ஏறத்தாழ 8 பிள்ளைகள் எனத் தெரிந்தது. இவ்வெண் 1989இல் 6.7, 1998இல் 4.7 எனத் தாழ்ந்தது, 2003இல் 4.9 என்றாகித் தயங்கி நின்றது, 2022இல் 3.4 ஆயிற்று. வீழ்ச்சியை மட்டுமன்றி, இடையில் நேர்ந்த தேக்கத்தையும் காட்டியது இவ்வளவையே. மறைந்த குழந்தையையும் எண்ணிச் சொன்ன தாயரின் சொல்லே அதற்கு அடிப்படை.