அந்தப் படிவத்தில் ஏன் இத்தனை கேள்விகள்?

இரத்ததான முகாமில் ஒரு சகோதரர் சலித்துக்கொண்டார்: "இரத்தம் குடுக்க வந்தா இவ்வளவு கேள்வியா சேர்?" அவருக்குச் சொன்னதை இங்கும் எழுதுகிறேன்.

1667இல் பாரிஸில் டெனிஸ் என்ற வைத்தியர் ஆட்டுக்குட்டியின் இரத்தத்தை மனிதருக்கு ஏற்றினார். பின்னர் ஒரு நோயாளி இறந்து வழக்கு வரை போனது. பிரான்ஸில் அந்தச் சிகிச்சையே தடைசெய்யப்பட்டது.

பிரசவ இரத்தப்போக்கில் தாய்மார் இறப்பதைக் கண்டு வருந்தியவர் லண்டன் வைத்தியர் ஜேம்ஸ் பிளண்டெல். 1818 முதல் மனித இரத்தத்தையே ஏற்றிப் பார்த்தார். சிலர் பிழைத்தார்கள், சிலர் மரணித்தார்கள். காரணம் யாருக்கும் விளங்கவில்லை.

1901இல் வியன்னாவில் கார்ல் லாண்ட்ஸ்டெய்னர் இரத்த வகைகளைக் கண்டறிந்த பிறகே விடை கிடைத்தது. 1914இல் சோடியம் சிட்ரேட் சேர்த்தால் இரத்தம் உறையாது என்று தெரிந்தது. அதனால்தான் இன்று இரத்தத்தைச் சேமித்து வைக்க முடிகிறது.

ஆனால் 1980களில் புதிய ஆபத்து வந்தது. 1985இல் எச்.ஐ.வி பரிசோதனை வருமுன், குருதி உறையாமை நோயாளிகள் பல ஆயிரம் பேர் மருந்தாக ஏற்றிய குருதிப் பொருளாலேயே தொற்றுக்கு ஆளானார்கள்.

இன்று நம் நாட்டில் தானமாகக் கிடைக்கும் இரத்தம் எச்.ஐ.வி, ஈரல் அழற்சி பி, சி, சிபிலிஸ், மலேரியா ஆகியவற்றுக்குப் பரிசோதிக்கப்படுகிறது. ஆனாலும் தொற்றிய ஆரம்ப நாட்களில் கிருமி பரிசோதனையில் அகப்படாமல் போகலாம். அந்த இடைவெளியை அடைப்பது கொடுப்பவரின் உண்மை மட்டுமே.

ஆகவே உறவுகளே, வெட்கப்பட்டு எதையும் மறைக்காதீர்கள். அந்தப் பை யாரோ ஒரு தாய்க்குப் போகிறது.