வரைகலை இயக்கிச் செயலிழப்பு

வரைகலை இயக்கிச் செயலிழப்பு என்பது, கணினியின் வரைகலைச் செயலியை இயக்கும் மென்பொருளான வரைகலை இயக்கி பிழைபடுவதால், நிகழ்பட ஆட்டமோ சில வேளைகளில் கணினி முழுவதுமோ நின்றுபோவதைக் குறிக்கும். திரை உறைதல், திரை கறுத்து மீளுதல், நீலத்திரை தோன்றுதல், ஆட்டம் அறிவிப்பின்றி மூடப்படுதல் ஆகியன இதன் அறிகுறிகளாகும். பழுதான வன்பொருளும் இதே அறிகுறிகளைத் தருவதால், காரணத்தைப் பிரித்தறிவதே இச்சிக்கலைத் தீர்ப்பதில் முதன்மையான பணியாகும்.

காரணம்

ஆட்டங்கள் வரைகலைச் செயலியுடன் நேரடியாகத் தொடர்பு கொள்வதில்லை. டைரக்ட்எக்ஸ், ஓப்பன்ஜிஎல், வல்கன் ஆகிய இடைமுகங்களின் வழியாகக் கட்டளைகளை இடுகின்றன. இயக்கி அவற்றை அந்தந்தச் செயலிக்குரிய கட்டளைகளாக மாற்றித் தருகிறது. இதனால் இயக்கி மிகப் பெரிய நிரலாக வளர்ந்துள்ளது. ஓர் ஆட்டத்திற்காகச் செய்யப்பட்ட திருத்தம் வேறோர் ஆட்டத்தைப் பாதிக்கக்கூடும்.

வரலாறு

விண்டோஸ் என்.டி. 3.51 பதிப்பு வரை வரைகலை இயக்கி, இயங்குதளத்தின் கருப்பகுதிக்கு வெளியே இயங்கியது. 1996இல் வெளியான என்.டி. 4.0 பதிப்பில், விரைவைக் கருதி அது கருப்பகுதிக்குள் கொண்டுவரப்பட்டது. இதன் விளைவாக, இயக்கியில் ஏற்படும் ஒரு பிழை கணினி முழுவதையும் நிறுத்த வல்லதாயிற்று.

2007 சனவரியில் பொதுப் பயனர்களுக்கு வெளியான விண்டோஸ் விஸ்டா இதனை மாற்றியமைத்தது. இயக்கி இரண்டாகப் பிரிக்கப்பட்டு, அதன் ஒரு பகுதி கருப்பகுதிக்கு வெளியே வைக்கப்பட்டது. வரைகலைச் செயலி 2 நொடிகளுக்குள் மறுமொழி தராவிட்டால், இயங்குதளம் அதனை மீளத் தொடங்கும். காட்சி இயக்கி நின்று மீண்டது என்னும் அறிவிப்பு இவ்வாறு தோன்றியதே. மீட்பு தோல்வியுற்றால் பதினாறடிமான எண் 116 உடன் நீலத்திரை தோன்றும்.

எனினும் புதிய அமைப்பிற்கேற்ற இயக்கிகள் தொடக்கத்தில் முதிர்ச்சியடைந்திருக்கவில்லை. விஸ்டா தொடர்பான வழக்கொன்றில் 2008இல் வெளிவந்த மைக்ரோசாஃப்ட் ஆவணங்களின்படி, 2007இல் பதிவான விஸ்டா செயலிழப்புகளில் 28.8 விழுக்காடு என்விடியா இயக்கிகளாலும், 9.3 விழுக்காடு ஏ.டி.ஐ. இயக்கிகளாலும், 8.8 விழுக்காடு இன்டெல் இயக்கிகளாலும் நேர்ந்தவை. மைக்ரோசாஃப்டின் சொந்த நிரல்களின் பங்கு 17.9 விழுக்காடு. எந்நிறுவனத்தின் அட்டைகள் எத்தனை பயன்பாட்டில் இருந்தன என்பதை இவ்வெண்கள் கணக்கில் கொள்ளவில்லை.

பிரித்தறிதல்

பிழைச்செய்தியில் வரைகலை குறிப்பிடப்படுவது, வரைகலையே காரணம் என்பதற்குச் சான்றாகாது. இன்டெலின் 13, 14 ஆம் தலைமுறை மேசைக்கணினிச் செயலிகள் சிலவற்றில், ஆட்டங்கள் நிகழ்பட நினைவகம் போதவில்லை என்ற செய்தியுடன் நின்றன. பலர் இயக்கியையும் வரைகலை அட்டையையும் ஐயுற்றனர். மையச் செயலி அளவுக்கு மீறிய மின்னழுத்தத்தைக் கோரியதால் சிதைவுற்றதை 2024இல் இன்டெல் உறுதிசெய்து, உத்தரவாதக் காலத்தை 2 ஆண்டுகள் நீட்டித்தது. இத்தகைய கணினியில் புதிய வரைகலை அட்டை வாங்கிப் பொருத்துவது வீண்செலவே.

பின்வரும் வேறுபாடுகள் பொதுவாக உதவும்:

* இயக்கியைப் புதுப்பித்த பின்னர் தொடங்கிய சிக்கல், பெரும்பாலும் இயக்கியைச் சார்ந்தது.
* ஒரே ஆட்டம் மட்டும் நின்றால், ஆட்டமோ இயக்கியோ காரணமாகலாம்.
* பல ஆட்டங்களும் 20, 30 நிமிடங்களுக்குப் பின் நின்றால், வெப்பத்தை ஐயுறலாம்.
* விண்டோஸ், லினக்ஸ் இரண்டிலும் சிக்கல் தோன்றினால், வன்பொருளை ஐயுறலாம். தமிழ்நாடு அரசு 2011 முதல் மாணவர்களுக்கு வழங்கிய மடிக்கணினிகளில் விண்டோசுடன் பாஸ் லினக்சும் நிறுவப்பட்டிருந்தது. இரு இயங்குதளங்களின் இயக்கிகளும் வெவ்வேறானவை என்பதால், அத்தகைய கணினிகளில் இச்சோதனை எளிது.

கோடையில் வெப்பநிலை 40 பாகை செல்சியசை எட்டும் மதுரைச் சமவெளியில், பழங்காநத்தம் போன்ற போக்குவரத்து மிகுந்த பகுதிகளில், வெப்பத்துடன் தூசியும் சேர்கிறது. குளிர்விப்பானில் தூசி படிந்தால் அட்டை விரைவில் சூடேறும். மின்வழங்கியின் திறன் குறைவும் இதே விளைவைத் தோற்றுவிக்கும்.

தீர்வு

செலவில்லாத வழிகளை முதலில் கையாள்வது முறையாகும்.

# மிகைக் கடிகார வேகத்தை நீக்கி, இயல்பான வேகத்தில் சோதித்தல்.
# குளிர்விப்பானைத் தூய்மைசெய்து, வெப்பநிலையை அளத்தல்.
# சாதன மேலாளர் வழியாக முந்தைய இயக்கிக்குத் திரும்புதல்.
# பாதுகாப்பு முறையில் கணினியைத் தொடங்கி, பழைய இயக்கியை முற்றிலும் நீக்கி, தயாரிப்பாளரின் இயக்கியைப் புதிதாக நிறுவுதல். மடிக்கணினியெனில் அதன் தயாரிப்பாளர் தரும் இயக்கியை முதலில் சோதிக்கலாம்.
# அட்டையை வேறொரு கணினியில் பொருத்திப் பார்த்தல்.

மிக அண்மைய இயக்கியே எப்போதும் சிறந்ததன்று. 2010 மார்ச்சில் வெளியான என்விடியாவின் 196.75 இயக்கி, விசிறிக் கட்டுப்பாட்டைப் பாதித்ததால் திரும்பப் பெறப்பட்டது. பழைய அட்டைகளுக்குப் புதிய இயக்கிகள் கிடைப்பதுமில்லை. கெப்ளர் வகை என்விடியா அட்டைகளுக்கான ஆட்ட இயக்கிகள் 2021இல் 470 வரிசையுடன் நின்றன. பழைய அட்டை வாங்குவோர் இதனை முன்கூட்டியே அறிவது நன்று.

விண்டோசின் 2 நொடி எல்லையைப் பதிவகத்தில் கூட்டும் வழி பரவலாகப் பரிந்துரைக்கப்படுகிறது. இவ்வமைப்பு சோதனைக்கும் பிழைநீக்கத்துக்கும் மட்டுமே உரியது என மைக்ரோசாஃப்ட் குறிப்பிடுகிறது. இது அறிகுறியைத் தள்ளிப்போடலாம்; பழுதைச் சரிசெய்யாது.

இவற்றையும் பார்க்க

* சாதன இயக்கி
* வரைகலைச் செயலி
* நீலத்திரை