மக்னோலியாவின் பேச்சு

அமெரிக்காவின் ஹிப் ஹாப் இசை நியூயார்க்கில் பிறந்தது. பின்னர் லாஸ் ஏஞ்சலீசும் அதிற் பெயர் பெற்றது. தென்னாட்டுக் கறுப்பரோ நெடுங்காலம் பட்டிக்காட்டார் என்றே இகழப்பட்டனர். அவ்விகழ்ச்சியை அசைத்தவற்றுள் ஒன்று, நியூ ஆர்லியன்ஸ் நகரத்து ஜூவினைல் என்பார் 1998 நவம்பரில் வெளியிட்ட ‘400 டிகிரீஸ்’ என்னும் இசைத்தொகுப்பு.

அவரது மக்னோலியாக் குடியிருப்பு, நிறப்பிரிவினை நிலவிய 1941-ல் கறுப்பின ஏழைகளுக்கெனத் திறக்கப்பட்டது. அத்தெருவின் பேச்சே அவர் பாட்டு. ‘ஹா’ என்னும் பாட்டில் எதிரில் நிற்பவனுக்கு அவன் வாழ்வையே எடுத்துரைக்கிறார். அடிதோறும் அவ்வொரு சொல்லே முடிவாய் ஒலிக்கிறது. ஆங்கிலப் பள்ளியிற் பயின்ற நாம் அதனைக் கேட்டு, இலக்கணப் பிழையென்று முதலில் நகைத்தோம். பிழை நம் செவியில் இருந்தது என்பதை உணரச் சில நாட்கள் ஆயின.

மேனி ஃப்ரெஷ் அமைத்த இசையும் அவ்வூர்க் கொண்டாட்டங்களின் ‘பவுன்ஸ்’ தாளத்திற் பிறந்ததே. வெளியூராருக்காக எதையும் மெருகிடவில்லை. ஆயினும் அமெரிக்காவில் 40 லட்சம் பிரதிகளுக்குரிய சான்று அதற்குக் கிடைத்தது.

2005-ல் கத்ரீனாப் புயல் வந்தது. அதன்பின் மக்னோலியாவில் எஞ்சிய கட்டடங்களிற் பெரும்பாலானவும் இடிக்கப்பட்டன. ‘ஹா’ பாட்டிற்கென அங்கே எடுத்த படத்தில் அவ்வீடுகளை இன்றும் காணலாம்.