கம்பளம் கழுவினவர்கள் எழுதின தரநூல்

வெள்ளம் புகுந்த வீட்டை மீட்டெடுக்கிறதுக்கும் சான்றிதழ் இருக்கு எண்டால் சிரிப்பீங்கள். அமெரிக்காவில் அதைத் தொடக்கியவர்கள் பொறியியலாளர்கள் அல்ல, கம்பளம் கழுவுகிற தொழில்காரர். 1972இல் உருவான அவர்களுடைய சான்றளிப்பு நிறுவனம்தான் இன்றைய ஐ.ஐ.சி.ஆர்.சி. 1994இல் எஸ்500 என்ற தரநூல் வந்தது. அழுக்கின் அளவைப் பார்த்து அது தண்ணீரை மூன்று வகையாகப் பிரிக்கிறது. ஆற்று வெள்ளமும் மலக்கழிவு நீரும் மூன்றாவது வகை. அந்தத் தண்ணீரில் ஊறின கம்பளத்தைக் கழற்றி எறியத்தான் வேணும். கழுவிப் பிழைத்தவர்களே 'இதைக் கழுவாதே' எண்டு எழுதிவைத்தார்கள் பாருங்கோ, இந்த வரலாற்றில எனக்குப் பிடிச்ச இடம் அதுதான். சான்றிதழுக்குப் படிக்கிறவர் சுவருக்குள்ள நிற்கிற ஈரத்தை மானி வைத்து அளக்கவும் பழகவேணும். எங்கட பக்கம் வெள்ளம் வடிஞ்சா வாளியும் தும்புத்தடியும்தான். ஊறின மெத்தையை வெயில்ல காயவைச்சுத் திரும்பவும் விரிக்கிறம்.