லினக்ஸ் பயன்படுத்த தாடி அவசியமா?

லினக்ஸ் பயன்படுத்துபவர்னு சொன்னதும் உங்க மனசுல என்ன படம் வருது? தாடி, கசங்கின டி-ஷர்ட், இருட்டு அறை, கறுப்புத் திரையில் ஓடும் வெள்ளை எழுத்து. சந்தேகம் கேட்டால் "கையேட்டைப் படிச்சியா?" என்று எரிந்து விழுவார். முக்கியமா, அவர் ஒரு ஆண். இந்தப் படம் எப்படி உருவாச்சுன்னு கொஞ்சம் தோண்டிப் பார்ப்போம்.

தாடிக்கு முதல் பொறுப்பாளி ரிச்சர்ட் ஸ்டால்மன். எம்.ஐ.டி. செயற்கை நுண்ணறிவு ஆய்வகத்தில் இருந்தவர். யார் வேண்டுமானாலும் படிக்கலாம், மாற்றலாம், பகிரலாம் என்ற நிபந்தனையோடு ஒரு இயங்குதளம் உருவாக்க, 1983 செப்டம்பரில் க்னூ திட்டத்தை அறிவித்தார். நீண்ட முடி, பெரிய தாடி, துளியும் வளைந்து கொடுக்காத பேச்சு. போதாக்குறைக்குத் தன் உரைகளின் நடுவே அங்கி மாட்டிக்கொண்டு, பழைய வன்தட்டின் வட்டு ஒன்றை ஒளிவட்டமாகத் தலையில் வைத்து, 'புனித இக்னூசியஸ்' என்று வேடம் கட்டுவார். தன்னைத் தானே கிண்டல் செய்துகொண்டதுதான். ஆனா கேலி பண்ணக் காத்திருந்தவங்களுக்கு வேலை மிச்சம் :-)

லினக்ஸ் கருநிரலை எழுதிய லினஸ் டோர்வால்ட்ஸுக்கோ தாடியே கிடையாது. 1991 ஆகஸ்டில் அதைப் பற்றி முதன்முதலில் இணையத்தில் அறிவித்தபோது அவர் 21 வயது ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவர். சும்மா பொழுதுபோக்குக்குச் செய்வது, க்னூ மாதிரி பெரிசா எல்லாம் வராது என்றுதான் எழுதினார்.

கம்பெனிகளும் இந்தப் படத்துக்கு ஆளுக்கொரு வண்ணம் பூசின. மைக்ரோசாஃப்டின் தலைமைச் செயலதிகாரி ஸ்டீவ் பால்மர் 2000-ல் லினக்ஸுக்குக் கம்யூனிசத்தின் குணங்கள் இருப்பதாகச் சொன்னார். 2001-ல் அதைப் புற்றுநோயோடு ஒப்பிட்டார். அதே 2001-ல் ஐ.பி.எம். வேறு ரூட்டில் போனது. சமாதானச் சின்னம், இதயம், பெங்குவின் மூன்றையும் சான் ஃபிரான்சிஸ்கோ, சிகாகோ நடைபாதைகளில் விளம்பரமாக வரைய ஏற்பாடு செய்து, நகர நிர்வாகத்திடம் வாங்கிக் கட்டிக்கொண்டது. ஒருத்தருக்குப் புரட்சிக்காரன், இன்னொருத்தருக்கு ஹிப்பி. நிஜத்தில் 2015-ம் வருட லினக்ஸ் ஃபவுண்டேஷன் அறிக்கைப்படி, கருநிரல் வேலையில் 80 சதவீதத்துக்கு மேல் செய்தவர்கள் அதற்காகவே சம்பளம் வாங்குபவர்கள்.

இதுவரை சிரிச்சுட்டுப் போயிடலாம். எரிந்து விழுவதும் 'ஆண்' என்பதும்தான் சிக்கல். ஏன்னா இவை முழுக்கப் பொய்யும் இல்லை.

1998-லேயே லினக்ஸ்சிக்ஸ் என்று பெண்களுக்கான ஒரு குழு தொடங்கியது. சந்தேகம் கேட்டால் திட்டு விழாத ஒரு இடம் தேவைப்பட்டது. 2002-ல் வால் ஹென்சன் என்ற கருநிரல் நிரலாளர், லினக்ஸுக்கு வரும் பெண்களை ஊக்குவிப்பது எப்படி என்று ஆண்களுக்காக ஒரு வழிகாட்டி எழுதினார். அதில் ஒரு அறிவுரை: அவள் கையிலிருந்து விசைப்பலகையைப் பிடுங்காதே. அவ்வளவுதான். படிச்சதும் எனக்கு எங்க லேப் ஞாபகம் வந்துச்சு. "தள்ளு, நான் பண்றேன்" என்ற குரலை அங்கே கேட்காதவங்க யாராவது இருந்தா கை தூக்குங்க பார்ப்போம்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் நிதியில் நடந்து 2006-ல் வெளிவந்த ஆய்வு ஒன்று, கட்டற்ற மென்பொருள் பங்களிப்பாளர்களில் பெண்கள் 2 சதவீதம்கூட இல்லை என்றது. மற்ற மென்பொருள் துறையில் அதுவே 28 சதவீதம். "பொண்ணுங்களுக்கு இதுல ஆர்வம் இல்லை" என்ற வழக்கமான பதிலுக்கு இந்த இரண்டாவது எண்ணே ஒரு குட்டு. ஆர்வம் இல்லாதவங்களா 28 சதவீதம் வந்திருப்பாங்க?

இன்னும் பெரிய குட்டு அதே வருஷம் விழுந்தது. லினக்ஸ் திரைமுகப்புகளில் ஒன்றான க்னோம் திட்டத்துக்கு, கூகுளின் கோடைக்கால நிரலாக்கத் திட்டத்தில் 181 மாணவர்கள் விண்ணப்பித்தார்கள். ஒருவர்கூடப் பெண் இல்லை. உடனே க்னோம்காரர்கள் ஏறக்குறைய அதே மாதிரி இன்னொரு திட்டத்தைப் பெண்களுக்கென்று அறிவித்தார்கள். சொல்லிக்கொடுக்க ஆள் உண்டு என்பதை அறிவிப்பில் அழுத்திச் சொன்னார்கள். விரல் விட்டு எண்ணக்கூடிய இடங்களுக்கு நூறு விண்ணப்பங்கள் வரை குவிந்தன! சில வாரங்களுக்கு முன் இவங்க எல்லாம் எங்க இருந்தாங்க? இங்கேயேதான். போஸ்டரில் இருந்த ஆள் தங்களைப் போல இல்லையென்று அவர்கள் கதவையே தட்டவில்லை என்பது என் ஊகம்.

எரிந்து விழும் பழக்கத்துக்கு இன்னும் நாளானது. கடுஞ்சொற்களுக்குப் பேர்போன லினஸே 2018 செப்டம்பரில்தான் மன்னிப்புக் கேட்டு, சில வாரங்கள் ஒதுங்கி இருந்தார். கருநிரல் திட்டத்துக்குப் புதிய நடத்தை விதிகளும் அப்போதுதான் வந்தன.

க்னோமின் முயற்சி 2010-ல் மறுபடி உயிர்பெற்று, 2015-ல் அவுட்ரீச்சி என்று பெயர் மாறி, தொழில்நுட்பத் துறையில் ஒதுக்கப்பட்ட மற்றவர்களுக்கும் திறந்தது. நிரல் எழுதத் தெரிந்தவர்களுக்கு மட்டுமில்லை; ஆவணம் எழுதுவது, வடிவமைப்பது போன்ற வேலைகளும் அதில் உண்டு. நம்ம வகுப்புல "எனக்கு கோடிங் எல்லாம் வராதுப்பா"ன்னு சொல்ற மூணு பேரும் இதை ரெண்டு தரம் படிங்க.