கணினி கூறும் சாட்சி

கண்டி மாநகரிலிருந்து கட்டுகஸ்தோட்டைக்குச் செல்லும் பெருவழியில் அமைந்தது மஹய்யாவ. மாநகரைத் தூய்மை செய்யும் தொழிலாளரின் தமிழ்க் குடும்பங்கள் இங்கே தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வருகின்றன. முன்னர் இத்தகைய குடியிருப்பில் ஒரு வழக்கு எழுந்தால், கண்ணாற் கண்ட அயலவரையே பொலிசார் தேடுவர். இன்றோ, ஒவ்வொருவர் கையிலும் உள்ள தொலைபேசியே ஒரு சாட்சி. வாயில்லாத இச்சாட்சி நீதிமன்றம் ஏறிய வரலாறு நேயர்கள் அறியத்தக்கது.

இலங்கையின் சான்றுக் கட்டளைச் சட்டம் 1895ஆம் ஆண்டுக்குரியது. 1872ஆம் ஆண்டின் இந்தியச் சான்றுச் சட்டத்தை அடியொற்றி எழுந்தது. மனிதர் வாய்மொழியையும் எழுதிய பத்திரத்தையும் அறிந்த அச்சட்டம், கணினியை அறியாது. 1970களின் இறுதியில், ஒருவரை அவுஸ்திரேலியாவிடம் ஒப்படைப்பது பற்றிய வழக்கில் கணினிப் பதிவுகள் சான்றாக முன்வைக்கப்பட்டன. கணினிச் சான்று தனி வகையைச் சேர்ந்தது. நடைமுறையிலுள்ள சட்டத்தில் அதற்கு இடமில்லை என்று நீதிமன்றம் கருதியது.

அக்குறையை நீக்க வந்ததே 1995ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சான்று விசேட ஏற்பாடுகள் சட்டம். கணினி செவ்வனே இயங்கியதென்று காட்டினால் அதன் பதிவை ஏற்கலாம் என்றது அது. எனினும், விசாரணைக்கு 45 நாட்களுக்கு முன்பே எதிர்த்தரப்பினருக்கு அறிவித்தல் கொடுத்தல் வேண்டும் என்றும் விதித்தது. பின்னர் 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றங்கள் சட்டம் வந்தது. பொலிசாருக்குத் துணைநிற்க நிபுணர்களை நியமிக்க அது வழி செய்தது.

இவற்றின் தேவையைக் கண்டி மாவட்டம் 2018 மார்ச்சில் கசப்புடன் உணர்ந்தது. திகன, தெல்தெனிய முதலிய இடங்களில் முஸ்லிம் மக்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. பகைமூட்டும் செய்திகள் தொலைபேசி வழியே காட்டுத்தீயெனப் பரவின. மார்ச் 7ஆம் நாள் அரசு சமூக ஊடகங்களைத் தற்காலிகமாக முடக்கியது. ஆயின், வதந்தியை முடக்குவது வேறு. அதனை விதைத்தவர் இன்னாரென்று மன்றில் மெய்ப்பிப்பது வேறு.

ஏனெனில், கணினிச் சான்று நீர்மேல் எழுத்துப் போன்றது. கருவியை ஒருமுறை இயக்கினாலே அதனுள் உள்ள நாள், நேரக் குறிப்புகள் மாறக்கூடும். ஆகவே நிபுணர் மூலக்கருவியில் ஆராயார். அதன் முழுப்பிரதியை எடுத்து அதிலேயே ஆராய்வர். மூலத்துக்கும் பிரதிக்கும் கணித முறையால் ஒரு நீண்ட எண்ணைக் கணித்து வைப்பர். ஓரெழுத்து மாறினும் அவ்வெண் மாறிவிடும். கருவி யார் கையிலிருந்து யார் கைக்குச் சென்றது என்பதும் தவறாமற் குறிக்கப்படும்.

இக்கவனம் குற்றவாளியைப் பிடிப்பதற்கு மட்டுமன்று. குற்றமற்றவரைக் காப்பதற்கும் ஆகும். கைப்பற்றிய பொருள்களின் முழுப் பட்டியலை, நாளும் நேரமும் குறித்து உரியவரிடம் கொடுத்தல் வேண்டும் என்று 2007ஆம் ஆண்டுச் சட்டம் பொலிசாரைப் பணிக்கிறது. சட்டம் கல்லாத எளியோருக்கு அச்சிறு தாள் பெரும் அரண். மஹய்யாவையின் ஒரு சிறு வீட்டிலிருந்து ஒரு தொலைபேசி எடுத்துச் செல்லப்படும்போது, அந்தத் தாளைக் கேட்டுப் பெறும் துணிவு அவ்வீட்டாருக்கு இருத்தல் வேண்டும். இயந்திரம் பொய் சொல்லாது என்பர். அதனைக் கையாளும் மனிதரும் பொய்யாதிருந்தாலன்றி, அதன் சாட்சியும் நீதியாகாது.