குழியில் உயிர்த்த மண்

1984-இல் புர்க்கினா பாசோ எனப் பெயர் மாறிய ஆப்பிரிக்க நாட்டின் வடபால் உள்ளது யாத்தெங்கா. 1980-களின் தொடக்கத்தில் மழை பொய்க்கவே, பலர் அவ்வூர்களை விட்டகன்றனர். யாக்கூபா சவாதோகோ என்னும் உழவர் அகன்றாரில்லை. 'ஸாய்' என்னும் பழைய குழிமுறையைத் திருத்தினார். மழைக்கு முன்பே குழிவெட்டி எருவிட்டார். எருவை நாடிய கறையான்கள் இறுகிய நிலத்தைத் துளைத்தன. மழைநீர் ஓடிவிடாது உள்ளிறங்கியது. கம்பும் சோளமும் விளைந்தன. மரங்களும் தழைத்துக் காடாயின. பித்தர் என்று நகைத்தவர்களும் பின்னர் அம்முறையைக் கைக்கொண்டனர். 2018-இல் ரைட் லைவ்லிஹுட் விருது பெற்ற அவர் 2023-இல் காலமானார். பள்ளியில் பூகோளம் கற்பித்த நான் அவர் வரலாற்றில் காணும் பாடம் இதுவே: மழையின் அளவு நம் கையில் இல்லை, பெய்த மழையைக் காக்கும் மண்ணோ நம் கையில் உள்ளது.